சிவப்பு விளக்கு எரிந்ததும் ஸ்விட்சைத் தொடாதீர்கள்

“சார், ஜிபிஎஸ் கிளாக்ல அலாரம் லைட் சிவப்பா எரியுது. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கட்டுமா?”

ஷிஃப்டில் இருப்பவர் போனில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். “வேண்டாம், கை வைக்காதீங்க” என்பதுதான் பதில். ஏன் வேண்டாம், ஸ்விட்சைத் தொடாமலே எதையெல்லாம் கண்டுபிடிக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்த ஜிபிஎஸ் கிளாக் பெட்டிகள் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. துணை மின்நிலையங்களின் கட்டுப்பாட்டு அறையில் ரிலேக்களுக்கு, அதாவது லைனில் பழுது வந்தால் பிரேக்கரைத் திறக்கவைக்கும் பாதுகாப்புக் கருவிகளுக்கு, நேரம் கொடுக்கின்றன. ஓசூர் தொழிற்சாலைகளின் சர்வர் அறையில், நெட்வொர்க் வழியாகக் கணினிகளுக்கு நேரம் சொல்லும் என்டிபி சர்வராக நிற்கின்றன. பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய செல்போன் டவர்களின் அடியிலும் இருக்கின்றன. எங்கே இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: செயற்கைக்கோளிலிருந்து கிடைக்கும் விநாடித் துடிப்பைப் பார்த்து, பெட்டிக்குள் சீராக அதிர்ந்து நேரத்தை எண்ணும் குவார்ட்ஸ் ஆஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே இருப்பது.

அந்த குவார்ட்ஸ் படிகம் ஒரு சின்ன ஓவனுக்குள் எப்போதும் ஒரே சூட்டில் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்தால் ஓவன் ஆறிவிடும். திரும்பச் சூடேறப் பத்து நிமிடம் முதல் அரை மணி நேரம் ஆகும். படிகம் பழைய நிலைக்கு அடங்க ஒரு நாளும் ஆகலாம், பல நாளும் ஆகலாம். செயற்கைக்கோள் கிடைக்காதபோது பெட்டி தன் ஆஸிலேட்டரை மட்டும் நம்பி நேரத்தைத் தொடர்ந்து கொடுப்பதைத்தான் ஹோல்டோவர் என்கிறோம். சிவப்பு விளக்கு எரியும்போதும் அந்த ஹோல்டோவர் சில மைக்ரோ விநாடிப் பிழைக்குள் நேரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கக்கூடும். ஸ்விட்சைத் தட்டினால் அது அங்கேயே முடிந்தது. நினைவகத்தில் இருந்த ஈவென்ட் பதிவும் பல மாடல்களில் போய்விடும். பேக்கப் பேட்டரி செத்த பெட்டியாக இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எப்போது எங்கே இருக்கும் என்ற அட்டவணையும் சேர்ந்து போகும். அதன் பிறகு பச்சை விளக்கு எரிந்தாலும் நேரம் விநாடிக் கணக்கில் தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

விளக்கு எதைச் சொல்கிறது

ஒவ்வொரு விளக்கும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. ‘லாக்’ விளக்கு, ஆஸிலேட்டர் செயற்கைக்கோள் துடிப்போடு பிடிபட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லும். பின்னால் போகும் கேபிளில் சரியான நேரம் போய்ச் சேர்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ‘ஆன்டெனா’ விளக்கு, ஆன்டெனா இழுக்கும் மின்னோட்டத்தை மட்டும் பார்க்கிறது. ஆன்டெனாவின் தலைமேல் தகரக் கூரை போட்டாலும் அது பச்சையாகவே இருக்கும். ‘அலாரம்’ விளக்கு பல காரணங்களின் கூட்டுக் குரல். பவர் சப்ளை, ஓவன், ஆன்டெனா, ஹோல்டோவர் நேரம் தாண்டியது, ஃபேன் என எது கெட்டாலும் அதே ஒரு விளக்குதான் எரியும்.

நிறம், சிமிட்டும் விதம் இரண்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பெட்டியில் மெதுவாகச் சிமிட்டும் பச்சை ‘தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்று அர்த்தம். இன்னொன்றில் அதுவே ‘லாக் ஆகிவிட்டது, விநாடிக்கு ஒரு துடிப்பு வருகிறது’ என்று அர்த்தம். மேனுவலில் அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

இன்னொரு விஷயம் பலருடைய பல மணி நேரத்தை வீணடித்திருக்கிறது. நிறைய பெட்டிகளில் அலாரம் ‘லாட்ச்’ ஆகிவிடும். காரணம் நேற்றிரவே தீர்ந்திருக்கும். யாராவது ‘அலாரத்தைப் பார்த்துவிட்டேன்’ என்று ஒப்புக்கொள்ளும் பட்டனை அழுத்தும்வரை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். இப்போது இருக்கும் அலாரமா, எப்போதோ வந்துபோன அலாரமா என்பதை மெனுவில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கேபிளைப் பிடுங்கும் வேலையில் இறங்க வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மெனுவின் ஒவ்வொரு திரையையும் மொபைலில் போட்டோ எடுங்கள். திரையில் காட்டும் தேதி, நேரம், எத்தனை செயற்கைக்கோள், ஒவ்வொன்றின் சிக்னல் பலம், ஆன்டெனா மின்னோட்டம், ஹோல்டோவரில் எவ்வளவு நேரமாக இருக்கிறது, ஆஸிலேட்டரின் கட்டுப்பாட்டு எண், உள் வெப்பநிலை. ஆஸிலேட்டரைப் பெட்டி எவ்வளவு திருத்திவைத்திருக்கிறது என்பதுதான் கட்டுப்பாட்டு எண். அதைச் சில பெட்டிகள் டிஏசி என்றும், சில இஎஃப்சி சதவீதம் என்றும் காட்டும். இத்தனையும் கையில் இருந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

பதற வேண்டுமா, எவ்வளவு நேரம் இருக்கிறது

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஆஸிலேட்டரின் அதிர்வெண் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு தவறினால், ஒரு நாளைக்கு 8.64 மைக்ரோ விநாடி நேரம் தவறும். நல்ல ஓவன் ஆஸிலேட்டர் ஹோல்டோவரில் ஏறத்தாழ இந்த அளவில்தான் நிற்கும். ரூபிடியம் அணு ஆஸிலேட்டர் அதைவிடப் பல மடங்கு நன்றாக நிற்கும். ஓவன் இல்லாத மலிவான படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் ஒரு நாளில் 86.4 மில்லி விநாடி போய்விடும்.

இப்போது அந்த நேரத்தை வாங்கிச் சாப்பிடுவது யார் என்று பாருங்கள். துணை மின்நிலையத்தில் எந்த பிரேக்கர் முதலில் திறந்தது என்று பதிவு செய்யும் கருவிக்கு 1 மில்லி விநாடி துல்லியம் போதும். ஓவன் கிளாக் ஒரு வாரம் ஹோல்டோவரில் இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஃபேஸரை, அதாவது மின் அலையின் அளவையும் கோணத்தையும், அளக்கும் பிஎம்யு கருவிக்கு அப்படியில்லை. 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோ விநாடி என்பது 0.018 டிகிரி. நேரப் பிழை 31 மைக்ரோ விநாடியைத் தாண்டும்போது, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் மொத்தப் பிழை 1 சதவீதத்தைத் தொட்டுவிடும். டிராவலிங் வேவ் முறையில், அதாவது பழுதிலிருந்து கிளம்பும் மின் அலை லைனின் இரண்டு முனைக்கும் வந்து சேரும் நேரத்தை வைத்து, பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் கருவி இன்னும் கறாரானது. இரண்டு முனைக் கடிகாரங்களுக்கு இடையே 1 மைக்ரோ விநாடி வித்தியாசம் இருந்தால் பழுது இருக்கும் இடம் 150 மீட்டர் தள்ளிக் காட்டும். தொப்பூர் கணவாய் மாதிரி இடத்தில் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கும் லைன் ஊழியருக்கு 150 மீட்டர் சின்ன தூரம் இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் மொட்டை மாடி ஏற வேண்டுமா, காலையில் பார்த்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்கலாம். இடி மின்னல் இருக்கும்போது எந்தக் கணக்காக இருந்தாலும் ஏறக் கூடாது.

அலாரம் வந்த மணியைப் பாருங்கள்

ஈவென்ட் பதிவைக் காப்பாற்றச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இங்கே இருக்கிறது. லாக் போய் வந்த மணியை ஒரு பத்து நாளுக்கு எழுதிப் பாருங்கள்.

தினமும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக வருகிறதா? இன்று 3.40, நாளை 3.36, அடுத்த நாள் 3.32 என்று நகர்ந்து, மாதத்தில் இரண்டு மணி நேரம் முன்னே போகிறதா? அப்படியானால் வானம் மறைகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நமக்கு மேலே அதே அமைப்பில் திரும்ப வருவது 24 மணி நேரத்தில் இல்லை, 23 மணி 56 நிமிடத்தில். மாடியில் புதிதாக வைத்த கறுப்பு வாட்டர் டேங்க், பக்கத்தில் எழுந்த மாடி, வளர்ந்துவிட்ட மாமரம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் மாட்டும். நம் ஊர் சுமார் 12 டிகிரி வடக்கில் இருப்பதால் நேர் வடக்கே அடிவானத்திலிருந்து முப்பது டிகிரி உயரம் வரை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வருவதே இல்லை. அவற்றின் பாதை 55 டிகிரி அட்சரேகையைத் தாண்டாது. ஆன்டெனாவுக்கு ஒரு பக்கம் சுவர் வந்தே தீரும் என்றால் அது வடக்குப் பக்கமாக இருக்கட்டும்.

தினமும் அதே மணிக்கு, நிமிடம் பிசகாமல் வருகிறதா? அது மனிதர் செய்யும் வேலை. டைமரில் ஓடும் மோட்டார், குறிப்பிட்ட நேரத்தில் போடப்படும் எல்இடி விளக்கு வரிசை, பக்கத்தில் வந்து நிற்கும் வண்டி என்று தேடுங்கள். குறுக்கீடு வந்தால் எல்லா செயற்கைக்கோள்களின் பலமும் ஒரே நேரத்தில் விழும். அனுமதியில்லாத மொபைல் பூஸ்டரும், பழுதாகித் தானே அலைபரப்பும் இன்னொரு ஆக்டிவ் ஆன்டெனாவும் (உள்ளே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஆன்டெனா) இதில் அடிக்கடி மாட்டும் இரண்டு பேர். இரண்டு ஆன்டெனாக்களை ஒரே பைப்பில் ஒட்டிக் கட்டாமல் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

மாலை ஏழரை எட்டு மணிக்கு ஆரம்பித்து, செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறி, நள்ளிரவுவாக்கில் தானே சரியாகிறதா? மார்ச், ஏப்ரல் அல்லது செப்டம்பர், அக்டோபர் மாதமா? அப்படியானால் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. சூரியன் மறைந்ததும் நமக்கு மேலே அயனி மண்டலத்தில் குமிழ்கள் எழும்பி, சிக்னலை நட்சத்திரம் சிமிட்டுவது போலச் சிமிட்ட வைக்கும். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். ஐரோப்பாவில் எழுதிய மேனுவலில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. இதற்காக ஆன்டெனாவை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஆஸிலேட்டர் தாங்கும் அளவுக்குள் ஹோல்டோவர் அலாரத்தின் காத்திருப்பு நேரத்தைக் கூட்டி வைத்தால் போதும்.

மழை பெய்த அன்று வந்து, வெயில் அடித்ததும் போகிறதா? கனெக்டரில் தண்ணீர்.

மொட்டை மாடியில்

இங்கே வரும் அலாரங்களில் பெரும்பங்கு பெட்டிக்கு வெளியேதான், ஆன்டெனாவுக்கும், மின்னலை எர்த்துக்குத் திருப்பிவிடும் லைட்னிங் அரெஸ்டருக்கும் நடுவில். ஆன்டெனா அலாரம் ‘ஓபன்’ என்றால் மின்னோட்டம் போகவில்லை, ‘ஷார்ட்’ என்றால் அளவுக்கு மீறிப் போகிறது. நல்ல ஆக்டிவ் ஆன்டெனா மாடலைப் பொறுத்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும்.

சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். ஆன்டெனா முனையில் கேபிளைக் கழற்றி, நடுக் கம்பிக்கும் வெளிக் கூட்டுக்கும் இடையே டிசி வோல்ட் பாருங்கள். 5 வோல்ட் பெட்டி என்றால் 4.8 முதல் 5.2 வரை வர வேண்டும். முனை ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகாமல் பிடியுங்கள். வோல்ட் வந்தால் கேபிள் சரி, சந்தேகம் ஆன்டெனா மேல். வராவிட்டால் அரெஸ்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்து பாருங்கள். அரெஸ்டர் மாற்றியபோது டிசி கடத்தாத ரகத்தை வாங்கிப் போட்டிருந்தால் அலாரம் அன்றைக்கே ஆரம்பித்திருக்கும். கேபிளை மட்டும் சோதிக்க, இரண்டு முனையும் கழற்றிய நிலையில் ஓம் பார்த்தால் முடிவிலி காட்ட வேண்டும். மேல் முனையை ஷார்ட் செய்தால் கீழே ஓரிரு ஓம் காட்ட வேண்டும். ஆன்டெனாவை மாட்டிக்கொண்டே ஓம் பார்ப்பது எதையும் சொல்லாது, உள்ளே இருப்பது ஆம்ப்ளிஃபயர்.

ஒரே ஆன்டெனாவை ஸ்ப்ளிட்டர் வழியாக இரண்டு கிளாக்குகளுக்குப் பிரித்திருந்தால் ஒரு சூட்சுமம் உண்டு. ஆன்டெனாவுக்குப் பவர் கொடுப்பது ஒரு கிளாக் மட்டும்தான். இன்னொரு போர்ட்டில் ஸ்ப்ளிட்டருக்குள் 200 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அது 5 வோல்ட்டில் 25 மில்லி ஆம்பியர் இழுத்து, ஆன்டெனா இருப்பது போலவே காட்டும். ஆன்டெனாவை மொத்தமாக யாராவது கழற்றிக்கொண்டு போனாலும் இரண்டாவது கிளாக்கின் ஆன்டெனா விளக்கு பச்சைதான்.

கனெக்டரை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறோம். மேலே சுற்றிய டேப் புதிது போலவே இருக்கும், அதை நம்ப வேண்டாம். விரலால் கனெக்டரின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். டேப்பின் கடைசி மடிப்பு அங்கே விரிந்து, தூசியும் பசையும் சேர்ந்து கறுப்பாக ஒட்டும். மேலிருந்து கீழாகச் சுற்றிய டேப்பில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு சின்ன கிண்ணம், மழைநீர் அதில் தங்கி உள்ளே இறங்கும். பிரித்தால் நடுப் பின்னைச் சுற்றிப் பச்சைப் பாசி போலத் தாமிரக் களிம்பு. கேபிள் தோலை ஒரு விரற்கடை சீவினால், வெள்ளியாக மின்ன வேண்டிய பின்னல் கம்பி கரிபோல் இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்தப் பின்னல் தண்ணீரைக் கேபிளுக்குள் இழுத்துக்கொண்டே போகும். அதனால் கனெக்டரை மட்டும் மாற்றுவது வீண். பின்னல் பளபளக்கும் இடம் வரும்வரை கேபிளை வெட்டிக்கொண்டே வாருங்கள். சில நேரம் ஒரு சாண், சில நேரம் ஒரு மீட்டர். ஒரு மீட்டர் தாண்டியும் கறுப்பாகவே இருந்தால் முழுக் கேபிளையும் மாற்றிவிடுங்கள்.

புதிதாகப் போடும்போது, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துப் பாதி அகலமாக்கி, கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள். அதன்மேல் வெயில் தாங்கும் கறுப்பு பிவிசி டேப் ஒரு சுற்று. கனெக்டருக்குக் கீழே கேபிள் ஒரு வளைவாகத் தொங்கி, தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டி விழ வேண்டும். ஒகேனக்கல், தேன்கனிக்கோட்டை மாதிரி காட்டை ஒட்டிய இடங்களில் கேபிளை ஜிஐ பைப்புக்குள் விட்டுவிடுங்கள். தொங்கும் கேபிள் குரங்குக்கு ஊஞ்சல்.

நீளமும் முக்கியம். ஆர்ஜி-58 கேபிள் ஜிபிஎஸ் அதிர்வெண்ணான 1575.42 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.8 டெசிபல் தின்னும். 30 மீட்டரில் 24 டெசிபல். ஆன்டெனா கூட்டிக் கொடுக்கும் பலம் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். 15 மீட்டருக்கு மேல் போனால் எல்எம்ஆர்-400 வகைத் தடித்த கேபிள் போடுங்கள், மீட்டருக்கு 0.17 டெசிபல்தான் போகும். கேபிளை மாற்றினால் மெனுவில் கேபிள் டிலே எண்ணையும் (சிக்னல் கேபிளைக் கடக்க ஆகும் நேரம்) மாற்ற மறக்காதீர்கள். ஆர்ஜி-58க்கு மீட்டருக்கு 5 நானோ விநாடி, எல்எம்ஆர்-400க்கு 3.9.

எர்த் பற்றி ஒன்று. பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் தோண்டினால் சில அடியிலேயே கருங்கல் பாறை. அங்கே அரெஸ்டருக்கு என்று தனிக் குழி தோண்டி 20 ஓம் எர்த் போட்டுக் கொடுப்பார்கள். 10 கிலோ ஆம்பியர் மின்னல் இறங்கினால் அந்தக் குழியின் மேல் 2 லட்சம் வோல்ட் நிற்கும். கிளாக் இருப்பதோ கட்டடத்தின் எர்த்தில். அத்தனை வோல்ட்டும் கேபிள் வழியாக கிளாக்கைத் தேடி வரும். அரெஸ்டரின் எர்த் கட்டடத்தின் பொது எர்த் கிரிட்டோடு தடித்த பட்டையால் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். எர்த்தின் ஓமைக் குறைக்கக் குழியில் பென்டோனைட் களிமண் போடுவது அதற்கு அப்புறம்.

உயரம் தப்பாகப் போட்டால்

ஆன்டெனாவின் இடத்தைப் பெட்டி தானே பல மணி நேரம் அளந்து உறுதி செய்துகொள்ளும். அதை ‘சர்வே’ என்பார்கள். அது முடிந்த பிறகு ஒரே ஒரு செயற்கைக்கோள் இருந்தாலும் நேரம் கொடுக்க முடியும். சர்வே முடியும்வரை நான்கு வேண்டும். பொறுமை இல்லாமல் சிலர் வரைபடத்தைப் பார்த்து உயரத்தைக் கையால் போட்டுவிடுவார்கள். வரைபடம் சொல்வது கடல் மட்டத்திலிருந்து உயரம். ரிசீவர் கணக்குப் போடுவது நீள்கோள உயரம், அதாவது பூமியைச் சீரான ஒரு நீள்கோளமாக வைத்து அதன் மேற்பரப்பிலிருந்து அளக்கும் உயரம். உலகத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருக்கும் பகுதிகளில் தென்னிந்தியாவும் ஒன்று. நம் வட்டாரத்தில் நீள்கோள உயரம் ஏறத்தாழ 85 முதல் 95 மீட்டர் குறைவு. அந்தப் பிழை நேரத்தில் 300 நானோ விநாடி வரை போகும். சில பெட்டிகள் செயற்கைக்கோள்களை ‘ஒத்துப்போகவில்லை’ என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு ஹோல்டோவருக்குப் போகும். சிக்னல் பலம் நன்றாக இருந்தும் லாக் நிற்கவில்லை என்றால், சர்வேயை முதலிலிருந்து ஓட விடுங்கள்.

பெட்டிக்குள்

பவர் சப்ளை முதல் சந்தேகம். சூடான அறையில் ஏழெட்டு வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸின் மின்தேக்கிகள் தலை உப்பியிருக்கும். அறிகுறி, காரணமில்லாமல் பெட்டி தானே ரீஸ்டார்ட் ஆவது. கிரானைட் அறுக்கும் ஆலைகளுக்குப் பக்கத்தில் ஃபேன் ஃபில்டரில் வெள்ளைப் பொடி மாவு போலப் படியும், மாதம் ஒரு தடவை தட்டுங்கள்.

ஆஸிலேட்டரின் கட்டுப்பாட்டு எண்ணை மாதம் ஒரு தடவை நோட்டில் எழுதிவைப்பதுதான் இந்தத் தொழிலில் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை. படிகம் வயதாகும்போது அந்த எண் மெதுவாக ஒரே திசையில் நகரும். எல்லையை நெருங்கினால் ஆஸிலேட்டர் மாற்ற வேண்டிய காலம் வருகிறது என்று ஒரு வருடம் முன்பே தெரியும். திடீரென்று குதித்தால் படிகத்தில் கோளாறு. பகலில் ஏறி இரவில் இறங்கினால் அறையின் சூடு. ஸ்ப்ளிட் ஏசியின் காற்று நேராகப் பெட்டி மேல் அடிக்கிறதா பாருங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம் அன்று யுபிஎஸ் அரை மணியில் படுத்துவிட்டால், மதியம் மின்சாரம் வந்ததும் ஓவன் அலாரம் வரும். அது கோளாறு இல்லை, ஓவன் சூடேறுகிறது. ஒரு மணி நேரம் காத்திருங்கள். அதற்கு மேலும் நின்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

பச்சை விளக்கும் தப்பான நேரமும்

எந்த அலாரமும் இல்லாமல் தப்பு நேரம் கொடுக்கும் பெட்டிதான் அதிகம் பயப்பட வேண்டியது. ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6ஆம் தேதி தொடங்கியது. பூமியின் சுழற்சிக்கு ஒத்துப்போக உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் லீப் விநாடிகளைக் கணக்கில் எடுக்காமல் ஓடுவதால் 2017 ஜனவரி 1 முதல் உலக நேரத்தைவிட 18 விநாடி முன்னே இருக்கிறது. அந்த 18ஐக் கழிக்கச் சொல்லும் தகவல் செயற்கைக்கோளிலிருந்து 12.5 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் வரும். நினைவை இழந்து எழுந்த பெட்டி அதற்குள் லாக் ஆகிவிட்டால், பச்சை விளக்கோடு 18 விநாடி முன்னே காட்டும். பழைய ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) தன்னிடம் இருக்கும் பழைய எண்ணைக் கழித்து ஒன்றிரண்டு விநாடி தவறும். ஆன் செய்தபின் கால் மணி நேரம் கழித்தே நேரத்தைச் சரிபாருங்கள். அதுவரை அந்த நேரத்தை ரிலேக்களுக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்தது வார எண். ஜிபிஎஸ் வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் போனது, 2038 நவம்பரில் மறுபடி போகும். பழைய பெட்டிகள் சில தங்கள் ஃபர்ம்வேர் கணக்குப்படி வேறு தேதிகளிலும் தடுமாறும். அப்போது தேதி 7168 நாள், அதாவது பத்தொன்பதரை வருடத்துக்குச் சற்று மேல், பின்னால் போய்விடும். மணி, நிமிடம், விநாடி, கிழமை எல்லாம் சரியாகவே இருக்கும், தேதி மட்டும் தப்பு. கிழமையும் மணியும் பார்த்துத் திருப்தி அடைபவர் கண்ணில் இது படாது.

ரிலேயில் நேரம் 5.30 மணி தள்ளி இருந்தால் இந்திய நேரம் சேர்க்கப்படவில்லை, அல்லது கிளாக்கிலும் ரிலேயிலும் இரண்டு தடவை சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் வையுங்கள். கிளாக் ரிலேக்களுக்கு நேரத்தைக் குறியீடாக அனுப்பும் சிக்னல்தான் ஐரிக்-பி. ரிலேயில் ‘ஐரிக் இல்லை’ என்று வந்தால், மாடுலேஷன் இல்லாத ஐரிக்-பி லைனில் மல்டிமீட்டரை டிசியில் வையுங்கள். 5 வோல்ட் சிக்னல் ஆரோக்கியமாக இருந்தால் சராசரியாக ஒன்றரை வோல்ட் காட்டும். 0 அல்லது 5இல் அசையாமல் நின்றால் அவுட்புட் செத்துவிட்டது. ஒரு வோல்ட்டுக்கும் கீழே தொங்கினால், வரிசையில் ஒவ்வொரு ரிலேயிலும் டெர்மினேஷன் ரெசிஸ்டர் போட்டு லைனை இழுத்துவிட்டார்கள். வரிசையின் கடைசி ரிலேயில் மட்டும் ஒன்று போதும்.

என்டிபி பக்கம், ‘ரீச்’ என்ற எண் (எட்டடிமான முறையில் காட்டுவது) 377 என்றால் கடைசி எட்டு கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. கிளாக் சரியான பிறகும் அது 377க்கு ஏறுவதற்கு, 64 விநாடிக்கு ஒரு கேள்வி என்றால், எட்டரை நிமிடம் ஆகும். இடையில் 1, 3, 7, 17 என்று ஏறுவதைப் பார்த்து நெட்வொர்க்கைக் கலைக்க வேண்டாம். ‘ஸ்ட்ராட்டம் 16’ என்றால் சர்வரே தன் நேரத்தை நம்பவில்லை என்று பொருள், கிளாக்கிடம் போய்ப் பாருங்கள். பதிலே வராவிட்டால் ஃபயர்வாலில் யுடிபி 123ஆம் எண் போர்ட் திறந்திருக்கிறதா பாருங்கள்.

எல்லாம் சரியானதும் லாட்ச் ஆன அலாரத்தை அழித்து, அழித்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள். பிறகு 24 மணி நேரம் பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஆன்டெனாவை வேண்டுமென்றே கழற்றுங்கள். விளக்கு எத்தனையாவது விநாடியில் மாறியது, அலாரம் ரிலே எப்போது விழுந்தது, கண்ட்ரோல் ரூமுக்குச் செய்தி எப்போது போனது என்று பாருங்கள். பவர் சப்ளையை அணைத்தாலும் அதே ரிலே விழுகிறதா என்பதை, புதுப் பெட்டி மாட்டும் அன்று ஓவன் சூடேறுவதற்கு முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் காத்திருப்பு நேரம் ஒரு மணி நேரம் என்று யாரோ எப்போதோ வைத்தது அப்படியே இருக்கும். அந்த நிமிடக் கணக்கை பேனல் கதவில் ஒட்டிய அதே தாளில் பேனாவால் எழுதிவிட்டு, ஆன்டெனாவைத் திரும்ப மாட்டி, டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.